பத்மநாபபுரம் 1996: வேலாயுதம் ஜெயிச்சது ஆளாலயா, கணக்காலயா?

தக்கலைவாசி | 9 மே 2024, காலை
முன்னாள் எம்எல்ஏ சி. வேலாயுதம் நேற்று காலமானார். தமிழ்நாடு சட்டமன்றத்துக்குள்ள பிஜேபி சார்பில் முதன்முதலா கால் வச்சவர். பேப்பர்ல, டிவில எல்லாம் ‘முதல் எம்எல்ஏ’ன்னு ஒத்தை வரி போட்டு, ஒரு பழைய போட்டோவையும் போட்டு முடிச்சிட்டாங்க. நம்ம ஊர்க்காரங்க இருக்கிற இடம், இங்கயாவது கொஞ்சம் விரிவா பேசலாம்னு இழை தொடங்குறேன்.

என் கேள்வி இதுதான். 1996ன்னா சாதாரணத் தேர்தல் இல்ல. ஜெயலலிதாவே பர்கூர்ல தோத்த தேர்தல். திமுக 173, அதோட கூட்டணியில நின்ன மூப்பனாரோட தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) 39. ஆண்ட கட்சியான அதிமுகவுக்கு மாநிலம் முழுக்க நாலே நாலு. அப்படி ஒரு அலையில, பெரிய கட்சி எதோட துணையும் இல்லாம நின்ன ஒருத்தர் நம்ம குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்துல எப்படி ஜெயிச்சார்? அப்போ நான் ஸ்கூல் பையன். ஜீப்புல கொடி கட்டிட்டுப் போனது மட்டும்தான் ஞாபகம். பெரியவங்க சொல்லுங்க.

வில்லுக்குறியான் | 9 மே
இதுல கேள்வி என்ன இருக்கு அண்ணே? ஆள்தான் காரணம். 89ல நின்னார், தோத்தார். 91ல நின்னார், தோத்தார். ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் நடந்த 91ல யாராலதான் எதிர்த்து நிக்க முடிஞ்சுது. ஆனா மனுஷன் ஊரைவிட்டுப் போகல. கல்யாணம், சாவு, கோயில் கொடைன்னு எல்லாத்துக்கும் வந்து நிப்பார். மூணாவது தடவை ‘இந்தத் தடவை இவருக்கு ஒண்ணு போட்ருவோம்’னு கட்சி பார்க்காம போட்டவங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர் உண்டு. எங்க வீட்டுல உதயசூரியனுக்குப் போடுற அப்பாவே அந்த ஒரு தடவை மாறிட்டார்.

அவருக்கு என் அஞ்சலி.

நாஞ்சில்_கணக்கன் | 9 மே
அஞ்சலி. அதுக்கு அப்புறம் எண்ணிக்கையையும் கொஞ்சம் பார்க்கலாம்.

1996 பத்மநாபபுரம்: வேலாயுதம் 27,443. ரெண்டாவது வந்த திமுக 22,903. வித்தியாசம் 4,540. நூத்துக்கு 32 ஓட்டுகூட முழுசா வரல. அதாவது மூணு பேர்ல ரெண்டு பேர் வேற யாருக்கோ போட்டிருக்காங்க. திமுக-தமாகா ஒரு பக்கம், அதிமுக-காங்கிரஸ் ஒரு பக்கம், மதிமுக-மார்க்சிஸ்ட் மூணாவது பக்கம், பிஜேபி நாலாவது பக்கம். மத்த மூணு அணியும் ஒருத்தர் ஓட்டை ஒருத்தர் பிச்சுக்கிட்டாங்க. இவரோட ஓட்டு மட்டும் சிந்தாம ஒரே இடத்துல விழுந்துது.

நல்ல ஆள் இல்லன்னு நான் சொல்லல. எத்தனை முனைப் போட்டிங்கிறதுதான் நம்ம மாவட்டத்துல எம்எல்ஏவைத் தீர்மானிக்குது. ஆள் அதுக்கு அப்புறம்தான்.

வில்லுக்குறியான் | 9 மே
மாநிலம் பூரா இதே நாலு முனைதானே அண்ணாச்சி? மத்த 233 இடத்துலயும் பிஜேபிக்கு ஒண்ணும் கிடைக்கலியே. இங்க மட்டும் ஏன்?

வேணாட்டு_வாத்தியார் | 10 மே
ரெண்டு பேரும் பாதிப் பாதி சொல்லுறீங்க. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கிடுங்க.

பத்மநாபபுரம் தொகுதியோட ஜாதகத்தை எடுத்துப் பாருங்க. 77லயும் 80லயும் ஜனதா. 84ல இந்து முன்னணிக்காரர் வி. பாலச்சந்திரன், சுயேச்சையா நின்னு ஜெயிச்சார். 89ல மார்க்சிஸ்ட் நூர் முகமது. 91ல அதிமுக லாரன்ஸ். 96ல பிஜேபி வேலாயுதம். 2001ல அதிமுக ராஜேந்திர பிரசாத். 2006ல திமுக ரெஜினால்ட். 2011ல திமுக புஷ்பலீலா ஆல்பன். இந்து முன்னணிக்கு அடுத்து மார்க்சிஸ்ட், அதுக்கடுத்து இரட்டை இலை, அதுக்கடுத்து தாமரை! 77க்குப் பிறகு ஒரே ஆள் அடுத்தடுத்து ரெண்டு தடவை ஜெயிச்சதுன்னா அது மனோ தங்கராஜ்தான், 2016லயும் 2021லயும். அதுவரைக்கும் இந்தத் தொகுதி ஒருத்தரையும் ரெண்டாவது தடவை சேர்ந்தாப்ல உட்கார விட்டதில்ல.

வில்லுக்குறியான் தம்பி கேட்ட ‘இங்க மட்டும் ஏன்’ங்கிறதுக்கு பதில் 84ல இருக்கு. 82 மார்ச்சுல மண்டைக்காட்டுல நடந்த இந்து-கிறிஸ்தவ மோதல் உங்க எல்லாருக்கும் தெரியும். துப்பாக்கிச்சூடு, அதை விசாரிக்க வேணுகோபால் கமிஷன் எல்லாம் வந்துது. அந்தக் காயத்துக்கு அப்புறம் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 84. எம்ஜிஆர் அமெரிக்காவுல ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஜெயிச்ச தேர்தல், இந்திரா காந்தி கொலை அனுதாபம் வேற. அந்த ரெட்டை அலையிலயும் இங்க ஒரு சுயேச்சை ஜெயிச்சார்னா, 96ல வேலாயுதம் ஒண்ணுமில்லாத நிலத்துல விதைக்கல. ஏற்கெனவே ஒரு அடித்தளம் இருந்துது. 84ல உணர்ச்சியில விழுந்த ஓட்டை, 89, 91ன்னு ரெண்டு தோல்வியிலயும் கலைய விடாம ஒரு கட்சிச் சின்னத்துக்குக் கீழ கொண்டு வந்து சேர்த்ததுதான் அவர் செஞ்ச வேலை. அது ஆளோட வேலை. அந்த ஓட்டு ஜெயிக்கப் போதுமானதா ஆனது கணக்கோட வேலை.

96ல எனக்குத் தேர்தல் டூட்டி. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாள் ஓட்டு. மக்களவைக்கு வெள்ளைச் சீட்டு, சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. வயசான அம்மாமார் ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு ‘ஏதுல ஏது மக்கா?’ன்னு எங்கிட்டயே கேட்பாங்க. நான் என்ன பறைய முடியும், பேசாம பெட்டியைக் காட்டுவேன். வெள்ளைச் சீட்டுல நாகர்கோவில் எம்பியா தமாகா டென்னிஸ் சைக்கிள் சின்னத்துல ஜெயிச்சார். அதே நாள், அதே ஜனங்க, இளஞ்சிவப்புச் சீட்டுல பத்மநாபபுரத்துல தாமரை. இங்கத்த ஆளுங்க ரெண்டு சீட்டையும் ஒண்ணுபோல குத்த மாட்டாங்கங்கிறதுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

மட்டுறுத்துநர் | 10 மே
வாத்தியார் சாருக்கு நன்றி. மண்டைக்காடு வரலாற்றுக் குறிப்பா வந்தவரைக்கும் சரி. அதுக்கு மேல சாதி, மதச் சண்டையா போனா அந்தப் பதிவுகளை எடுத்துருவேன். ஏற்கெனவே ரெண்டு எடுத்தாச்சு.

குலசேகரம்_ரப்பர் | 10 மே
எல்லாரும் ‘ஒத்தை ஆளா சட்டமன்றம் போனார்’னு வேலாயுதத்தை மட்டும் சொல்லுறீங்க. அதே 96ல நம்ம மாவட்டத்துல இருந்து இன்னொரு ஒத்தை ஆளும் போனார் கேட்டியளா? விளவங்கோடு டி. மணி. மார்க்சிஸ்ட் கட்சிக்கு மாநிலம் முழுக்கக் கிடைச்ச ஒரே இடம். மதிமுக கூட்டணி. வைகோ கட்சிக்கு அந்தத் தேர்தல்ல ஒண்ணுகூட வரல, ஆனா அவங்க கூட்டணியில நின்ன மணி ஜெயிச்சார்.

தமிழ்நாடே ஒரு பக்கம் சாய்ஞ்ச தேர்தல்ல, சட்டமன்றத்துக்கு ஒரே ஒரு பிஜேபிக்காரரையும் ஒரே ஒரு மார்க்சிஸ்டையும் அனுப்பினது ஒரே மாவட்டம். நடுவுல ஒரு ஆறுதான். சென்னையில இருக்கிற அரசியல் விமர்சகர்கள் இதைப் பத்தி ஒரு வார்த்தை எழுத மாட்டாங்க. அவங்களுக்குக் குமரின்னா சூரிய உதயமும் திருவள்ளுவர் சிலையும்தான்.

நாஞ்சில்_கணக்கன் | 10 மே
இன்னும் ஒரு வேடிக்கை. அந்தச் சட்டமன்றத்துல எதிர்க்கட்சித் தலைவரே தமாகாவோட சோ. பாலகிருஷ்ணன். திமுகவோட கூட்டணி வச்சு ஜெயிச்ச கட்சியே எதிர்க்கட்சி. அப்போ நெசமான எதிர்க்கட்சியா எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு கணக்கு போட்டுக்கிடுங்க.

தோவாளைப்பிச்சி | 11 மே
எல்லாரும் எப்படி ஜெயிச்சார்னே பேசுறீங்க. ஜெயிச்சு அஞ்சு வருஷம் என்ன செஞ்சார்? ஒத்தை எம்எல்ஏவால என்ன செய்ய முடியும்? நான் பிறந்ததே 97ல, எனக்கு நெசமா தெரியாது, அதான் கேட்கேன்.

வேணாட்டு_வாத்தியார் | 11 மே
நல்ல கேள்வி பிள்ளே. சட்டமன்றத்துல பேச நேரம் ஒதுக்குறது கட்சியோட எண்ணிக்கையை வச்சு. மானியக் கோரிக்கை விவாதத்துல 173 பேர் உள்ள கட்சி ஒரு பக்கம்னா, ஒத்தை ஆளுக்கு சில நிமிஷம் கிடைச்சா பெருசு. கேள்வி நேரத்துல கையைத் தூக்கிட்டு இருக்கணும், சபாநாயகர் கண்ணுல படணும். சட்டமன்றக் கட்சித் தலைவர், கொறடா, உறுப்பினர் எல்லாம் தானேதான்.

ஆனா ஊர்ல எம்எல்ஏ வேலைங்கிறது அங்க பேசுறது மட்டும் இல்லியே. தாசில்தார் ஆபீசுல சர்டிபிகேட், ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை, ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம், பஸ் விடச்சொல்லி ஒரு மனு, சானல்ல தண்ணி வரலன்னா பொதுப்பணித்துறைக்காரனுக்கு ஒரு போன். இதுக்கு ஆளுங்கட்சியா இருக்கணும்னு இல்ல, ஆனா இருந்தா லேசு. தொகுதி மேம்பாட்டு நிதின்னு ஒண்ணு வந்ததும் அந்தக் காலகட்டத்துலதான். இப்போ வருஷத்துக்கு 3 கோடி ஆயிருச்சு. அப்போ இருந்த தொகையெல்லாம் ரெண்டு கலுங்கு, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தோட தீர்ந்துரும்.

இன்னொண்ணு எல்லாரும் மறந்துட்டாங்க. 99ல வாஜ்பாய் அரசு கவிழ்ந்து வந்த மக்களவைத் தேர்தல்ல திமுகவும் பிஜேபியும் கூட்டணி. பொன். ராதாகிருஷ்ணன் நாகர்கோவில் எம்பி ஆனது அப்போதான். அதனால திமுகவைத் தோக்கடிச்சு உள்ள போன வேலாயுதம், கடைசி ஒண்ணரை வருஷம் திமுகவோட தோழமைக் கட்சி எம்எல்ஏ! அவர் நகரவே இல்ல, இருந்த இடத்துலயே இருந்தார். எதிரி நண்பனா மாறி வந்து பக்கத்துல உட்கார்ந்துட்டார்.

அஞ்சுகிராமத்தான் | 11 மே
அப்போ 2001ல திமுக ஓட்டும் சேர்ந்து அவரு அள்ளியிருக்கணுமே?

நாஞ்சில்_கணக்கன் | 11 மே
அதுதான் நான் இவ்வளவு நேரமா சொல்லிட்டு வர்றது. தனியா நின்னப்ப ஜெயிச்சார். திமுகவைத் துணைக்கு வச்சுக்கிட்டு நின்னப்ப தோத்தார். 2001ல எதிர்ப்பக்கம் ஜெயலலிதா யாரையெல்லாம் சேர்த்து வச்சிருந்தார்னு பாருங்க: தமாகா, காங்கிரஸ், பாமக, ரெண்டு கம்யூனிஸ்ட். 96ல மூணு பங்கா சிதறிக் கிடந்த ஓட்டு 2001ல ஒரே வாளியில வந்து விழுந்துது. நாலு முனை ரெண்டு முனை ஆச்சு. அதிமுகவோட கே.பி. ராஜேந்திர பிரசாத் ஜெயிச்சார். திமுக ஓட்டு வந்துதா இல்லியாங்கிறது ரெண்டாவது விஷயம். திமுகவுக்கு இங்க விழுற ஓட்டுல எத்தனை தாமரைக்கு மாறும்னு தக்கலை பஸ் ஸ்டாண்டுல நின்னு கேட்டாலே தெரியும்.

2006லயும் நின்னார். அப்போ ஜெயிச்சது திமுக ரெஜினால்ட். அதோட சரி.

வில்லுக்குறியான் | 11 மே
அண்ணாச்சி, நீங்க சொல்லுறதைப் பார்த்தா எம்எல்ஏவுக்கு ஆளே தேவையில்ல, கால்குலேட்டர் போதும் போல. அப்போ நாகர்கோவில் பிஜேபி எம்.ஆர். காந்திக்கு என்ன சொல்லுவீங்க? காலுல செருப்பு கிடையாது, கல்யாணம் கிடையாது, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமா நாகர்கோவில் தெருவுல நடந்துட்டே இருந்தவர். எத்தனை தேர்தல்ல தோத்தார்! 2013ல காலையில நடக்கப் போனவரை வெட்டிப்போட்டானுங்க, பிழைச்சு வந்தார். 2021ல முன்னாள் மந்திரி சுரேஷ்ராஜனையே தோக்கடிச்சு உள்ள போனார். அதுவும் கால்குலேட்டரா?

நாஞ்சில்_கணக்கன் | 12 மே
தம்பி, காந்தியை நானும் தெருவுல பார்த்தா கும்பிடுவேன். எதிர்க்கட்சிக்காரங்களும் கும்பிடுவாங்க. ஆனா இதைப் பாருங்க.

நாகர்கோவில் 2011: அதிமுக நாஞ்சில் முருகேசன் 58,819, திமுக 52,092, எம்.ஆர். காந்தி 33,623. மூணாவது.
2016: திமுக சுரேஷ்ராஜன் 67,369, காந்தி 46,413, அதிமுக 45,824. ரெண்டாவது.
2021: காந்தி 88,804, சுரேஷ்ராஜன் 77,135. வெற்றி, 11,669 வித்தியாசம்.

2016ல காந்தி வாங்கினதையும் அதிமுக வாங்கினதையும் கூட்டுங்க. 92,237. 2021ல ரெண்டு கட்சியும் கூட்டணி. வந்தது 88,804. கூட்டணி ஓட்டு கிட்டத்தட்ட அப்படியே சேர்ந்துச்சு, அவ்வளவுதான். செருப்பு போடாத அதே மனுஷன்தான் 2011லயும் 2016லயும் நின்னார். அவர் மாறல, முனை மாறிச்சு.

வேணாட்டு_வாத்தியார் | 12 மே
கணக்கா, கூட்டல் சரி. ஆனா கூட்டணி வச்ச இடமெல்லாம் ஓட்டு இப்படிச் சேர்ந்துச்சா? 2021ல பிஜேபி இந்தக் கூட்டணியில 20 இடத்துல நின்னு நாலுலதான் ஜெயிச்சுது. கோவை தெற்கு, திருநெல்வேலி, மொடக்குறிச்சி, நாகர்கோவில். நம்ம மாவட்டத்துலயே குளச்சல்லயும் விளவங்கோட்டுலயும் கூட்டணியோட நின்னு காங்கிரஸ்கிட்ட தோத்தாங்க. இரட்டை இலைக்குப் போடுறவன் முகம் சுளிக்காம தாமரையில குத்தணும்னா அதுக்கு ஒரு ஆள் வேணும். 2016லயே தனியா நின்னு அதிமுகவை மூணாவது இடத்துக்குத் தள்ளினார் பாரு, அது எந்தக் கூட்டணி?

நாஞ்சில்_கணக்கன் | 12 மே
அதை ஏத்துக்கிட்டாலும் 589 ஓட்டு வித்தியாசம்தான் சார் :)

கடலோரன் | 13 மே
ஒரு வாரமா பத்மநாபபுரம், நாகர்கோவில்னு பேசிட்டே இருக்கீங்க. இங்க ஒரு இடைத்தேர்தல் நடந்து பெட்டி சீல் வச்சு இருக்கு, அதைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடல. விளவங்கோடு! விஜயதரணி மூணு தடவை காங்கிரஸ்ல ஜெயிச்சாங்க. 2011, 2016, 2021. வக்கீல், சட்டமன்றத்துல நல்லா பேசுவாங்க. எம்பி சீட்டு கேட்டுக் கேட்டுக் கிடைக்கல. பிப்ரவரியில டெல்லி போய் பிஜேபியில சேர்ந்து, எம்எல்ஏ பதவியை ராஜினாமா பண்ணிட்டாங்க. கட்சித் தாவல் சட்டத்துல பதவி போறதுக்கு முன்னால தானே எழுதிக் கொடுத்தாச்சு. அங்க போயும் எம்பி சீட்டு பொன். ராதாகிருஷ்ணனுக்குத்தான், விளவங்கோட்டுல நந்தினிக்குத்தான்.

ஏப்ரல் 19ல மறுபடியும் ஒரே நாள் ரெண்டு ஓட்டு, எம்பிக்கு ஒண்ணு, எம்எல்ஏவுக்கு ஒண்ணு. காங்கிரஸ் தாரகை கத்பர்ட், பிஜேபி நந்தினி, அதிமுக ராணி, நாம் தமிழர் ஜெமினி. முக்கியமான நாலு பேரும் பெண்கள். ஆளா கணக்கான்னு பார்க்க இதைவிட நல்ல பரீட்சை கிடைக்காது. ஆள் கட்சி மாறிட்டாங்க. ஓட்டும் கூடப் போச்சா இல்லியான்னு ஜூன் 4ல தெரிஞ்சிரும்.

தோவாளைப்பிச்சி | 13 மே
நாலு பேரும் பெண்கள்னு எல்லாரும் அதிசயமா சொல்லுறாங்க. 1957லயே குளச்சல்ல லூர்தம்மாள் சைமன் ஜெயிச்சு காமராஜர் மந்திரிசபையில மந்திரியா இருந்தாங்க. 2006ல திருவட்டாறுல லீமா ரோஸ், 2011ல பத்மநாபபுரத்துல புஷ்பலீலா, அதே வருஷம் விளவங்கோட்டுல விஜயதரணி. எங்க தோவாளைப் பக்கம் இன்னும் ஒருத்தரும் வரல. கன்னியாகுமரித் தொகுதின்னு பேரு மட்டும் கன்னியோட பேரு, ஜெயிக்கிறது பூரா ஆம்பளைங்க.

அஞ்சுகிராமத்தான் | 14 மே
எங்க தொகுதியை இழுத்ததால சொல்லுறேன். நாங்க யாரை ஜெயிக்க வைக்கிறோமோ அவங்கதான் கோட்டையில. 77, 80, 84 அதிமுக, மேல எம்ஜிஆர். 89 திமுக, மேல கலைஞர். 91 அதிமுக, மேல ஜெயலலிதா. 96 சுரேஷ்ராஜன், மேல கலைஞர். 2001 தளவாய் சுந்தரம், மேல ஜெயலலிதா. 2006 மறுபடியும் சுரேஷ்ராஜன், இந்தத் தடவை சுற்றுலா மந்திரியும் ஆனார். 2011 பச்சைமால், அவரும் மந்திரி. ராசியான தொகுதின்னு கட்சிக்காரனுங்க இங்க சீட்டுக்கு அடிச்சுக்கிடுவானுங்க.

நாஞ்சில்_கணக்கன் | 14 மே
2016ஐ ஏன் அண்ணாச்சி விட்டுட்டீங்க? ஆஸ்டின் திமுகவுல ஜெயிச்சார், மேல ஜெயலலிதா. 2021ல தளவாய் சுந்தரம் அதிமுகவுல ஜெயிச்சார், மேல ஸ்டாலின். ரெண்டு தடவை சேர்ந்தாப்ல ராசி கவுந்து கிடக்கு. ஆஸ்டின் கதை வேற தனிக்கதை, 2001ல நாகர்கோவில்ல ஜெயிச்சப்ப அவர் திருநாவுக்கரசரோட எம்ஜிஆர் அதிமுக.

ராசி எல்லாம் இல்ல. மாவட்டத்துலயே உதயசூரியனும் இரட்டை இலையும் நேருக்கு நேர் மோதுற இடம் உங்க தொகுதிதான். அதனால மாநிலத்துல வீசுற காத்து அங்க அப்படியே தெரியும். தக்கலை தாண்டி மேற்கே போகப் போக அந்தக் காத்து நின்னுரும். விளவங்கோட்டுல இதுவரைக்கும் திமுகவும் ஜெயிச்சதில்ல, அதிமுகவும் ஜெயிச்சதில்ல. காங்கிரஸ், இல்லன்னா மார்க்சிஸ்ட்.

அஞ்சுகிராமத்தான் | 14 மே
நீங்க பேசாம ஜோசியர் பிழைப்புல மண்ணைப் போடுங்க.

குலசேகரம்_ரப்பர் | 15 மே
மேற்கே இப்படின்னு கணக்கன் சொன்னதுக்கு ஒரு காரணம் சேர்த்துக்கிடுங்க. எங்க பக்கம் 56 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. நாங்க தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி தலைமையில. 54 ஆகஸ்ட் 11ல துப்பாக்கிச்சூடு நடந்துது. சென்னையில நீதிக்கட்சி, திராவிடர் கழகம்னு வளர்ந்துட்டு இருந்த காலத்துல எங்க ஊர் அரசியல் வேற மாதிரி போயிட்டிருந்துது. நேசமணி 57ல கிள்ளியூர் எம்எல்ஏ, பிறகு 62ல நாகர்கோவில் எம்பி. 68ல அவர் இறந்த பிறகு 69 இடைத்தேர்தல்ல காமராஜர் இங்க வந்து நின்னு ஜெயிச்சார். சொந்த ஊர் விருதுநகர் 67ல கைவிட்டவரை நாகர்கோவில்தான் டெல்லிக்கு அனுப்பி வச்சுது. 71லயும் நாங்கதான் அனுப்பினோம். அந்தக் காங்கிரஸ் ஓட்டு, ஜனதா, தமாகான்னு போய்ப் போய், திரும்ப அதே வீட்டுக்குத்தான் வரும். இன்னொரு பக்கம் தோட்டத் தொழிலாளி, பால்வெட்டுக்காரன், முந்திரி ஆபீஸ் பெண்கள்னு செங்கொடி. இதுக்கு நடுவுல சூரியனுக்கும் இலைக்கும் எங்க இடம்?

தொகுதி மறுசீரமைப்புல எங்க திருவட்டாறைத் தூக்கிட்டானுங்க, ஏழு ஆறாச்சு. 2011ல இருந்து நாங்க பாதிப் பேர் பத்மநாபபுரம். அந்த மறுசீரமைப்புல செங்கொடிக்கு விழுந்த அடி இன்னும் ஆறல. ஆகையால 96ல வேலாயுதம் ஜெயிச்ச பத்மநாபபுரமும் இப்போ மனோ தங்கராஜ் ஜெயிக்கிற பத்மநாபபுரமும் பேருலதான் ஒண்ணு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பேசுறவங்க இதைக் கவனிக்கணும்.

தக்கலைவாசி | 15 மே
இது நல்ல பாயிண்ட். எல்லை மாறினதை நான் யோசிக்கவே இல்ல. ரெஜினால்ட் வரைக்கும் ஒரு தொகுதி, புஷ்பலீலாவுல இருந்து வேற தொகுதின்னே வச்சுக்கணும்.

ஜூன் 4 வரைக்கும் இழையைத் திறந்து வைங்க மட்டுறுத்துநரே.

கடலோரன் | 4 ஜூன், மாலை
வந்துட்டு! தாரகை 91,054. நந்தினி 50,880. வித்தியாசம் 40,174. அதிமுக நாம் தமிழருக்கும் பின்னால நாலாவது, டெபாசிட் காலி. எம்பி தேர்தல்ல காங்கிரஸ் விஜய் வசந்த் ஜெயிச்ச வித்தியாசம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிட்ட.

2021ல விஜயதரணி 87,473 வாங்கி 28,669ல ஜெயிச்சாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் கைக்கு ஓட்டு கூடியிருக்கு. போன ஆள் ஒண்ணும் எடுத்துட்டுப் போகல.

நாஞ்சில்_கணக்கன் | 4 ஜூன்
நான் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் எண்ணைப் பாருங்க.

வில்லுக்குறியான் | 4 ஜூன்
சிரிக்காதீங்க அண்ணாச்சி. 2021ல விளவங்கோட்டுல பிஜேபி ஜெயசீலன் 58,804 எடுத்தது அதிமுகவோட சேர்ந்து. இப்போ அதிமுக தனியா. அதுலயும் ஐம்பதாயிரத்தைத் தாண்டியாச்சு. உங்க கூட்டலை நீங்களே போட்டுப் பாருங்க, எங்க ஓட்டும் எங்கயும் போகல. அதோட இது எம்பி தேர்தலோட நடந்தது, எம்பிக்கு எதுல குத்தினானோ அதுலயே இதையும் குத்திட்டு வந்துட்டான்.

வேணாட்டு_வாத்தியார் | 5 ஜூன்
தம்பி கடைசியா சொன்னதை நான் விடமாட்டேன். 96ல வெள்ளைச் சீட்டுல சைக்கிளும் இளஞ்சிவப்புச் சீட்டுல தாமரையும் குத்தின அதே மாவட்டம்தான் இது. நினைச்சா பிரிச்சுக் குத்தத் தெரியும். இந்தத் தடவை பிரிக்கத் தோணல. ஏன் தோணல? மூணு தடவை ஜெயிக்க வச்சவங்க, பாதியில எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்ததுல ஒரு கோபம். மார்த்தாண்டம் சந்தையில நானே காதால கேட்டேன். அந்தக் கோபம் ஆள் மேல வந்த கோபம்தானே கணக்கா? அதை எந்தக் கட்டத்துல எழுதுவ?

வேலாயுதத்துக்கு வாரேன். அவரும் கட்சி மாறியிருந்தா 2001ல ஒருவேளை ஜெயிச்சிருக்கலாம். ஒத்தை ஆளுக்குக் கட்சித் தாவல் சட்டம் ஒண்ணும் பெரிய தடையில்ல, ராஜினாமா பண்ணிட்டுப் போயிருக்கலாம். போகல. 2001லயும் தோத்தார், 2006லயும் தோத்தார், அதே சின்னம். அரசியல்ல எனக்கு அவரோட ஒத்துப்போகாது. எனக்க ஓட்டு ஒருநாளும் அவருக்கு விழுந்ததும் இல்ல. ஆனாலும் நேர்ல பார்த்தா எழுந்து நிப்பேன்.

நாஞ்சில்_கணக்கன் | 5 ஜூன்
கோபத்துக்குத் தனியா ஒரு கட்டம் போட்டுரலாம் சார். ஆனா 2021ஐவிட மூவாயிரத்து ஐநூத்திச் சொச்சம்தான் கூட. கோபம் அவ்வளவுதான்.

தோவாளைப்பிச்சி | 5 ஜூன்
மூவாயிரத்து ஐநூறு பேர் கோபப்பட்டாலே ஒரு கிராம பஞ்சாயத்து கவுந்துரும் அண்ணா.

மட்டுறுத்துநர் | 6 ஜூன்
பத்மநாபபுரத்துல தொடங்கி மாவட்டமே சுத்தியாச்சு. கிள்ளியூர், குளச்சல் பத்திக் கேட்டு நாலஞ்சு பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்காங்க. தனி இழை தொடங்குங்க, இதை இத்தோட பூட்டுறேன். கடைசியா யாராவது சொல்ல இருந்தா ராத்திரிக்குள்ள.

குலசேகரம்_ரப்பர் | 6 ஜூன்
இல்லாமப்போன திருவட்டாறு தொகுதிக்கு நான் ஒரு இழை தொடங்கியாச்சு. ஹேமச்சந்திரன், லீமா ரோஸ் எல்லாம் அங்க பேசலாம். வில்லுக்குறியான், நீயும் அங்கோட்டு வா மக்கா, சண்டை போட ஆள் வேணும்.